மேற்குப் புறநகரும் போக்குவரத்தும்

ஒரு நகரத்தின் சிறப்பை அதன் மாளிகைகளைக்கொண்டு அளத்தல் பொருந்தாது. எளிய தொழிலாளி காலையிற் களைப்பின்றி வேலைக்குச் சென்று, மாலையில் தன் மக்கள் உறங்குமுன் வீடு திரும்புகின்றானா என்பதைக்கொண்டே அளத்தல் வேண்டும். இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களின் நிலையைச் சிறிது ஆராயப் புகுகின்றோம். நம் மாணவரிற் பலர் இவ்வூர்களினின்றே நாள்தோறும் வருகின்றனராதலின், இது நமக்குப் புறம்பான பொருளன்று.

தென்னாட்டின் முதல் இருப்புப்பாதை 1856-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1-ஆம் நாள் இராயபுரத்திற்கும் வாலாஜா ரோடிற்கும் இடையே திறக்கப்பட்டது. அஃது ஆவடி வழியாகவே சென்றது. ஏறக்குறைய நூறாண்டு கழித்து, அப்பாதையை ஒட்டியே பெருந்தொழில்கள் எழுந்தன. பெரம்பூரில் 1955-இல் இரயில்பெட்டித் தொழிற்சாலையும், ஆவடியில் 1961-இல் கனரக ஊர்தித் தொழிற்சாலையும், அம்பத்தூரில் 1964-இல் தொழிற்பேட்டையும் தோன்றின. ஆனால் தொழிலாளர் செல்லும் வழியோ அவ்வளவு விரைவில் வளர்ந்திலது. கடற்கரை – தாம்பரம் பாதையில் 1931-லேயே மின்சார வண்டி ஓடிற்று. மேற்கே திருவள்ளூர்ப் பாதையில் அவ்வசதி 1979-இல்தான் வந்தது. பூவிருந்தவல்லிக்கோ இருப்புப்பாதையே கிட்டவில்லை. அங்கு மெட்ரோ வண்டியின் சோதனை ஓட்டமே 2025 மார்ச்சு மாதத்தில்தான் நிகழ்ந்தது. தொழில் முன்னே வந்தது. தொழிலாளியின் வழி பின்னே வந்தது. இம்முறை மாறவேண்டுமென்பதே எம் கருத்து.

நிற்க. சரக்கின் நிலையும் இத்தன்மையதே. துறைமுகம் கிழக்கே உள்ளது; திருப்பெரும்புதூர் முதலிய தொழிலிடங்கள் மேற்கே உள்ளன; இடையிற் கிடப்பதோ நகரம் முழுவதும். பகற்பொழுதில் பெருஞ்சுமை லாரிகள் நகருக்குள் நுழைதற்குத் தடையுண்டு. இவ்விடரை நீக்கவே துறைமுகம் – மதுரவாயல் உயர்மட்டச் சாலைக்கு 2009-இல் அடிக்கல் நாட்டினர். கூவம் ஆற்றின் நீரோட்டத்திற்கு இடையூறு நேருமென்று 2012-இல் வேலை நின்றது. பின்னர் ஈரடுக்காக மாற்றி, 2022 மே 26-இல் மீண்டும் அடிக்கல் நாட்டினர். மேலடுக்குத் துறைமுகச் சரக்கிற்கும், கீழடுக்கு நகர ஊர்திகட்கும் என்பது ஏற்பாடு. அதே நாளில், இருப்புப்பாதையினின்று சாலைக்கும், சாலையினின்று இருப்புப்பாதைக்கும் சரக்கை மாற்றும் பெருநிலையம் ஒன்றிற்குத் திருவள்ளூர் மாவட்டம் மப்பேட்டிலும் அடிக்கல் நாட்டப்பெற்றது. சரக்கிற்குத் தனிவழி வேண்டுமென்னும் கருத்து நன்றே. ஆனால் ஒரு சாலைக்கு இருமுறை அடிக்கல் நாட்டுவதற்குள் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன என்பதை நாம் மறத்தலாகாது.

“சாலைகளை அகலமாக்கினாற் போதாதோ?” எனச் சிலர் வினவுவர். போதாது என்போம். கார் ஒன்றில் பெரும்பாலும் ஒருவரோ இருவரோ செல்கின்றனர். இரண்டு மூன்று கார்கள் அடைக்கும் இடத்தில் நிற்கும் ஒரு பேருந்தோ ஐம்பதின்மரைச் சுமக்கின்றது. அகலமான சாலை மேலும் பல கார்களை அழைத்து, சில ஆண்டுகளில் மறுபடியும் நிரம்பிவிடும். ஆதலின், சாலையிற் செல்லும் வண்டிகளை எண்ணாது, அவ்வண்டிகளிற் செல்லும் மக்களை எண்ணுதலே முறை.

இனி வேண்டுவன மூன்று. முதலாவது, ஆவடி, அம்பத்தூர், பட்டரவாக்கம் நிலையங்களினின்று தொழிலிடங்கட்கு, வேலை தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் அறிந்து சிற்றுந்துகள் ஓடவேண்டும். நிலையத்தில் இறங்கியவன் அரைமணி காத்து நிற்பானாயின், மின்சார வண்டியின் வேகத்தால் அவனுக்கு யாது பயன்? இரண்டாவது, நடப்போர்க்கு நிழலுள்ள நடைபாதையும், ஏறுதற்கெளிய மேம்பாலமும் வேண்டும். நேரங்கருதித் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்து உயிர்துறந்தவரைப் பற்றிய செய்தியைப் படித்துவிட்டு, நாம் அடுத்த பக்கத்தைப் புரட்டுகின்றோம். இது நம் குற்றமே. மூன்றாவது, பேருந்து, மின்சார வண்டி, மெட்ரோ ஆகிய மூன்றையும் ஒரே கண்ணால் நோக்கும் ஆட்சி வேண்டும். அதற்கென ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்தை அமைக்கும் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டும், அதன் முதற்கூட்டம் 2022-இல்தான் கூடிற்று. மூன்றிற்கும் ஒரே செயலியிற் சீட்டுப் பெறும் வசதி 2025-இல் வந்தது நற்குறியே. சீட்டு ஒன்றானதுபோல் கால அட்டவணையும் ஒன்றாகப் பொருந்துமாயின் பயன் முழுமையாகும்.

இவற்றுள் எதுவும் பெரும்பொருள் விழுங்குவதன்று. வேண்டுவது ஒற்றுமையும் கருத்துமே. நாளை பொறியாளராகவும் அதிகாரிகளாகவும் அமரப்போகும் நம் மாணவ அன்பர்கள், திட்டப்படத்தை விரிக்கும்போது, இன்று தாம் ஆவடி வண்டியின் படியருகே நெருக்குண்டு நின்றதை நினைவிற் கொள்வார்களாக.