தொட்டியில் ஒரு மீன் குறைந்தால்

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லிலிருந்து அன்பர் ஒருவர் எழுதுகிறார்: "எங்கள் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் ஐந்து மீன்கள் இருந்தன. இரண்டு நாட்களாக ஒன்றைக் காணோம். பிள்ளைகள் கலங்கி நிற்கின்றனர். கற்களையெல்லாம் எடுத்து வெளியே வைத்துத் தேடலாமா?"

வேண்டாம். அவசரப்பட்டுத் தொட்டியைக் கலைத்தால், காணாமற்போன ஒன்றுக்காக இருக்கும் நான்கையும் இழக்க நேரிடலாம். அடிமணல் ஆழமாக இருப்பின் அதன் கீழ்ப்பகுதியில் பிராணவாயு இராது. அங்கே அழுகிய முட்டை நாற்றமுள்ள நச்சுவாயு சேர்ந்திருக்கக்கூடும். மணலைக் கிளறினால் அது நீரிற் கலந்துவிடும்.

மேலும், கண்ணிற் படாத மீனெல்லாம் இறந்த மீன் அன்று. பாறை இடுக்கில் ஒளிந்து உயிர்காப்பது பவளப்பாறை மீன்களின் பிறவிக் குணம். 'ராஸ்' எனப்படும் இனத்தில் பல இரவில் மணலுக்குள் புதைந்தே உறங்கும். புதிதாகக் கொண்டுவந்த மீன் அச்சத்தால் பல நாட்கள் தலைகாட்டாமலிருப்பதும் உண்டு.

ஆகவே, தேடலைத் தொட்டிக்கு வெளியே தொடங்குங்கள். துள்ளிக் குதிப்பது கடல்மீன்களுக்கு வழக்கம். தொட்டியின் பின்புறம், மேசையின் அடி, வடிகட்டும் பெட்டியின் உட்புறம் ஆகியவற்றைப் பாருங்கள். எறும்பு வரிசை தென்பட்டால் அதன் வழியே செல்லுங்கள். அதுவே துப்புச் சொல்லும். கீழே கிடக்கும் மீனின் செவுள் சற்றே அசைந்தாலும் நனைந்த கையால் எடுத்து உடனே நீரில் விடுங்கள், சில பிழைத்துக்கொள்ளும். இனி மேற்புறத்தை நுண்ணிய நைலோன் வலையால் மூடிவைப்பது நன்று.

வெளியே கிடைக்காவிடில் இரவு வரை பொறுத்திருங்கள். விளக்கணைத்து இரண்டு மணி நேரம் கழிந்தபின், டோர்ச் விளக்கின் முகப்பிற் சிவப்புத் தாளைக் கட்டிப் பாருங்கள். சிவப்பொளி கடலுயிர்கள் பலவற்றை அதிகம் வெருட்டுவதில்லை.

இதற்கிடையில் கவனிக்க வேண்டியது நீரையே. மீன் உள்ளே இறந்து அழுகினால் அமோனியா உண்டாகும். அதுவே ஏனைய மீன்களுக்கு நஞ்சு. பெரிய தொட்டியிற் சிறிய மீன் இறந்தால், சங்கிற் குடியிருக்கும் துறவி நண்டும் மணற்புழுக்களும் ஓரிரவிலேயே தின்று தீர்த்துவிடும். சிறிய தொட்டியிற் பெரிய மீன் இறந்தாலோ ஆபத்து. சோதனைத் துளிமருந்தால் நாள்தோறும் நீரைச் சோதியுங்கள். அமோனியா இருக்கவே கூடாது. சிறிது தென்பட்டாலும் நீரில் நான்கிலொரு பங்கை மாற்றுங்கள். அப்போது மட்டும், கற்களை ஒவ்வொன்றாக மெல்ல உயர்த்தி உடலைத் தேடலாம்.

மாற்றும் நீர் எங்கிருந்து? கீழே துறைமுகம் இருக்கிறதே என்று வாளியோடு இறங்கிவிடாதீர்கள். கப்பல்களும் படகுகளும் நடமாடும் நீரில் எண்ணெய் கலந்திருக்கலாம். மாரி காலத்தில் வேறொரு தொல்லையும் உண்டு. மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவிற் கலப்பதால், வெள்ளம் பெருகும் நாட்களில் அப்பக்கத்து நீரில் உப்புக் குறையும். திறந்த கடலில் எடுத்த நீரையும் ஐதரோமீற்றரால் அளந்தே சேர்க்க வேண்டும், 1.025 அளவில் இருப்பது நலம். வற்றிக் குறைந்த நீருக்கு ஈடாக நன்னீரையே ஊற்றுங்கள். ஆவியாவது நீர், உப்பு அன்று.

குற்றவாளியைத் தேடுவோர் துறவி நண்டின்மீது பழி போடுவர். பெரும்பாலும் அது பிணம் தின்னுமேயன்றிக் கொலை செய்யாது. கலவாய்க் குஞ்சோ, சிங்கமீனோ, அஞ்சாளையோ தொட்டியில் இருந்தால் ஐயப்பட வேண்டியது அவற்றையே. வாய்க்குள் அடங்கும் மீனை அவை முழுதாகவே விழுங்கிவிடும்.

மீன் திரும்பாவிட்டால், பிள்ளைகளின் கண்ணீரைத் துடைக்க மறுநாளே இன்னொன்றை வாங்காதீர்கள். காரணம் தெரியாமல் விடப்படும் மீனுக்கும் அதே கதி நேரலாம். மூன்று, நான்கு வாரங்கள் நீரைக் கவனித்த பின்னரே முடிவு செய்யுங்கள். விற்பனைக்கு வரும் கடல்மீன்களிற் பெரும்பாலானவை இன்றும் பவளப்பாறைகளிலிருந்தே பிடிக்கப்படுகின்றன. கோமாளி மீன் போன்ற சிலவற்றையே தொட்டியில் இனம்பெருக்குகின்றனர். கிடைத்தால் அவற்றையே கேட்டு வாங்குங்கள்.

அதுவரை, ஒரு விடுமுறை நாளிற் பிள்ளைகளை நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத் தீவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவான இடம் அது. அங்கிருந்து எதையும் எடுத்துவரலாகாது, கண்ணாரக் காணலாம். மீனின் வீடு எத்தகையது என்பதைப் பிள்ளைகள் அங்கே அறிந்துகொண்டால், தொட்டியில் எஞ்சியிருக்கும் நான்கையும் இன்னும் பரிவோடு பேணுவார்கள்.