சேப்பாக்கம் மைதானம் யாருடைய சொத்து?



சென்னைக் கடற்கரையில் உழைப்பாளர் சிலை நிற்கிறது. இடுப்பில் துண்டு கட்டிய நான்கு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாறையைப் பெயர்க்கிறார்கள். 1959-ல் அந்தச் சிலையை அங்கே வைத்தார்கள். அங்கிருந்து மேற்கே சற்றுத் தூரம் நடந்தால் சேப்பாக்கம் கிரிக்கெட் ஸ்டேடியம். அதற்கு எம். ஏ. சிதம்பரம் என்ற தொழிலதிபரின் பெயர். அவர் 1960 முதல் 1963 வரை இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராக இருந்தவர். பாறையைப் பெயர்த்தவனுக்குத் தெருவோரத்தில் சிலை. மதிலுக்குள் இருக்கும் மைதானத்துக்கு முதலாளியின் பெயர்!

“பஞ்சாலையில் நூல் இழுப்பவனுக்கும், வயலில் நாற்று நடுகிறவளுக்கும் கிரிக்கெட் மைதானத்தைப் பற்றி என்ன கவலை?” என்று சிலர் கேட்கக் கூடும். கவலை இருக்கிறது. அது யாருடைய நிலம், யாருடைய உழைப்பு, யாருடைய காசு என்று கேட்டுப் பார்த்தால் அந்தக் கவலை தானாக வரும்.

துரைமார் வந்த வழி

அந்த நிலம் ஆற்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனையைச் சேர்ந்தது. 1855-ல் நவாப் பிள்ளையில்லாமல் இறந்தார். வாரிசு இல்லை என்று காரணம் காட்டி கும்பினிக்காரன் நவாப் பட்டத்தையே ஒழித்துக் கட்டினான். பிறகு கடனைச் சாக்கிட்டு அரண்மனை ஏலத்துக்கு வந்தது. எடுத்தவர் யார்? சென்னை சர்க்காரேதான்!

1846-ல் துரைமார்கள் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்புக்கு 1860-களின் நடுவில் இந்த நிலத்தில் ஒரு பகுதி கிடைத்தது. பெவிலியன் எழுந்தது. அங்கே வெள்ளையருக்கு மட்டும் இடம். நம்மவர் சாமான் தூக்கலாம், புல் வெட்டலாம், தண்ணீர் தெளிக்கலாம். பெவிலியனில் உட்காரக் கூடாது.

பத்து ஆண்டு கழிந்தது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடியது. கிராமங்கள் காலியாயின. அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலை என்று சொல்லி, சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாயை வெட்ட வைத்தார்கள். கவர்னரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. இன்றும் அது ஸ்டேடியத்தின் ஓரமாகத்தான் ஓடுகிறது. அந்தப் பஞ்சத்தில் நிவாரணக் கூலியை நாளைக்கு ஒரு ராத்தல் தானியம் என்று குறைத்தவர்கள் ஆங்கில அதிகாரிகள். ஒரு பக்கம் எலும்பும் தோலுமானவர்கள் மண் சுமந்தார்கள். மறு பக்கம் துரைமாரின் பந்தாட்ட மைதானம்! சரித்திரம் இந்த இரண்டையும் அருகருகே வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

நம்மவர் செய்த மறுப்பு

அவமானத்தை எல்லோரும் விழுங்கிவிடவில்லை. புச்சி பாபு நாயுடு 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். இந்தியருக்கும் மைதானம் வேண்டும், மட்டை வேண்டும், வெள்ளையனை எதிர்த்து ஆட வேண்டும் என்றார். 1908-ல் அவர் இறந்தார். அவர் விதைத்ததே பின்னாளில் பொங்கலையொட்டி நடந்த இந்தியர் - ஐரோப்பியர் பந்தயமாக வளர்ந்தது. அவர் செய்தது பெரிய காரியம். அதை மறுக்கவில்லை. ஆனால் அவரும் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். துரையின் பெவிலியனுக்கு எதிராக நம் செல்வந்தர் இன்னொரு பெவிலியன் கட்டினார். கூலிக்காரன் இரண்டுக்கும் வெளியேதான் நின்றான்.

1921-ல் பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. அந்த ஆலை 1996-ல் மூடப்பட்டது. துரைமார் தொடங்கிய கிளப் மட்டும் இன்னும் மூடப்படவில்லை!

வெற்றி யாருடையது?

சேப்பாக்கத்தில் முதல் டெஸ்ட் பந்தயம் நடந்தது 1934 பிப்ரவரியில். அந்த ஆண்டு நவம்பரில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமும் இங்கேதான் நடந்தது. சென்னையும் மைசூரும் மோதின. ஒரே நாளில் ஆட்டம் முடிந்தது. ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட் எடுத்தார்.

1952 பிப்ரவரியில் இங்கிலாந்துடன் ஆட்டம். அது தொடங்கிய நாளிலேயே ஆறாம் ஜார்ஜ் மன்னர் இறந்த செய்தி வந்தது. மறுநாள் ஓய்வு விட்டார்கள். பிறகு வினு மங்கட் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 12 விக்கெட் வீழ்த்தினார். பங்கஜ் ராயும் பாலி உம்ரிகரும் சதம் அடித்தார்கள். பிப்ரவரி 10-ல் இந்தியா ஒரு இன்னிங்ஸும் 8 ரன்னும் வித்தியாசத்தில் வென்றது. டெஸ்ட் ஆட்டத்தில் இந்தியாவின் முதல் வெற்றி அதுதான்! துரைமார் நம்மை உள்ளே விடாத அதே மைதானத்தில் துரைமாரின் அணியைத் தோற்கடித்தோம். அந்த ஆனந்தம் பெவிலியன்காரனுக்கு மட்டும் உரியதா? இல்லை. அது நாட்டின் ஜனங்களுக்கு உரியது.

இந்த ஜனங்களின் மனசு எப்படிப்பட்டது என்று 1999 ஜனவரியில் உலகம் பார்த்தது. டில்லியில் பாகிஸ்தான் அணி ஆடக் கூடாது என்று மதவெறியர்கள் மைதானத்தைத் தோண்டினார்கள். சேப்பாக்கத்திலோ இந்தியா 12 ரன்னில் தோற்றும், கூட்டம் எழுந்து நின்று பாகிஸ்தான் வீரர்களுக்குக் கைதட்டியது. அந்த வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து அதை ஏற்றுக்கொண்டார்கள். மைதானத்தின் மானத்தைக் காப்பாற்றியது காலரியில் வெயிலில் உட்கார்ந்திருந்த ஜனங்கள்.

ஏலக் கடையில் ஆட்டம்

அப்படிப்பட்ட ஜனங்களுக்கு என்ன பிரதி உபகாரம்? 2008-ல் ஐ.பி.எல். வந்தது. சென்னை அணி 9 கோடியே 10 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. வாங்கியது இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனி. அதன் தலைவர் என். சீனிவாசன் அப்போது கிரிக்கெட் வாரியத்தின் பொருளாளர். வாரிய நிர்வாகிகள் இத்தகைய வியாபாரத்தில் பங்கு கொள்ள வசதியாக விதியையே திருத்திக்கொண்டார்கள். 2015 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. அதே ஆண்டு ஜூலையில் லோதா கமிட்டி, சூதாட்ட வழக்கில் அந்த அணியை இரண்டு ஆண்டு விலக்கி வைத்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை இது.

இன்னொரு கதையும் கேளுங்கள். 2011-ல் ஸ்டேடியத்தைப் புதுப்பித்தார்கள். ஐ, ஜே, கே என்ற மூன்று காலரிகளில் சுமார் 12,000 இருக்கைகள். பக்கத்தில் இருந்த கிளப்பின் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் அவற்றுக்கும் நடுவே விதிப்படி இடைவெளி இல்லை என்று தகராறு. காலரிகள் ஏறத்தாழ பத்து ஆண்டு பூட்டிக் கிடந்தன. 2020-ல்தான் அந்தக் கூடம் இடிபட்டது. சில அங்கத்தினர் உடம்பு வளர்க்கும் கூடம் ஒரு பக்கம், 12,000 ஜனங்கள் உட்காரும் இடம் ஒரு பக்கம். இத்தனை ஆண்டு காத்திருந்தவர் யார் என்று பாருங்கள்!

2024-ல் ஐ.பி.எல். ஆட்டத்துக்கு இங்கே மிகக் குறைந்த டிக்கெட் 1,700 ரூபாய். அந்த ஆண்டு நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் தினக்கூலி 319 ரூபாய். ஐந்து நாளைக்கு மேல் மண் வெட்டினால் ஒரு சாயங்காலம் ஆட்டம் பார்க்கலாம். பஸ் சத்தம் தனி!

2018 ஏப்ரல் 10-ல் காவிரிக்காகப் போராட்டம் மைதான வாசலுக்கே வந்தது. உள்ளே செருப்பு விழுந்தது. ஆட்டக்காரன் மேல் செருப்பு எறிவது சரியான முறை அல்ல. அவன் நமக்கு எதிரி அல்ல. ஆனால் அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். மீதி ஆட்டங்கள் உடனே புனேவுக்குப் போய்விட்டன. லாபம் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறிவிடும். தண்ணீரில்லாத வயலில் நிற்கும் விவசாயத் தொழிலாளி எங்கே ரயிலேறுவான்?

நாம் கேட்பது

ஆட்டத்தை நாம் வெறுக்கவில்லை. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் ஒரு தறித் தொழிலாளியின் மகன் டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகினான். அந்த நடராஜன் 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினான். நம் குடிசைகளில் இன்னும் எத்தனை நடராஜன்கள் இருக்கிறார்களோ! அவர்களுக்கு மைதானம் எங்கே?

“ஸ்டேடியத்தைக் கட்டியது சங்கத்தின் பணம்” என்பார்கள். கட்டடம் உங்கள் பணமாக இருக்கட்டும். நிலம் சர்க்காருடையது, குத்தகைக்குத்தான் உங்களிடம் இருக்கிறது. சர்க்கார் நிலம் என்றால் ஜனங்களின் நிலம். குத்தகைக்காரன் நில உடைமையாளனுக்குக் கணக்குக் காட்டத்தான் வேண்டும். வயலில் நம்மிடம் படி படியாக அளந்து வாங்கினார்களே, அந்த நியாயம் இங்கே ஏன் இல்லை?

குத்தகைக் கணக்கைப் பகிரங்கப்படுத்து! ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு காலரியை ஒரு நாள் கூலிக்கு மேற்படாத கட்டணத்தில் திறந்து விடு! பள்ளிப் பிள்ளைகளும் தொழிலாளர் அணிகளும் ஆட ஆண்டில் சில நாட்கள் ஒதுக்கு! வருமானத்தில் ஒரு பங்கைத் தாலுகா தோறும் மைதானம் அமைக்கச் செலவிடு!

சங்கக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். தீர்மானம் போடுங்கள். பஞ்சத்தில் கால்வாய் வெட்டிய கைகளின் பேரப் பிள்ளைகள், அந்தக் கால்வாய்க் கரையிலிருக்கும் மைதானத்தில் இடம் கேட்பது பிச்சை அல்ல, பாத்தியதை!