துப்பாக்கிக்கும் மூலப்பத்திரம் உண்டு

ரெண்டு வாரமா வீட்டுல ஒரே பஞ்சாயத்து. வாதி, ஒன்பதாவது படிக்கிற என் பொண்ணு. பிரதிவாதி நான். நீதிபதி வழக்கம் போல வீட்டம்மா.

பொண்ணு எட்டு மாசமா ஞாயித்துக்கிழமை ஏர் ரைபிள் பழகுறா. ஹடப்சர்லேர்ந்து பாலேவாடி போகணும்னா பூனாவோட ஒரு கோடியிலேர்ந்து மறு கோடி. மகர்பட்டா சிக்னல்லயே பாதி உயிர் போயிடும். அது போதாதுன்னு டெக்சாஸ்ல இருக்கிற என் சித்தப்பா பையன் வீடியோ கால்ல வந்து, பாகம் பாகமா வாங்கி கராஜ்லயே சேர்த்த ரைபிளை இவகிட்ட காட்டிட்டான். "லோயர் ரிசீவர் மட்டும் முதல்லயே நல்லதா வாங்கிடணும்டா கண்ணு, மத்ததை அப்புறம் மாத்திக்கலாம்"னு உபதேசம் வேற. அன்னிலேர்ந்து "அப்பா, நாமளும் அப்படிப் பண்ணலாமே"ன்னு ஆரம்பிச்சுட்டா.

நான் பி.காம். படிச்ச பேங்க் ஆசாமி. லோயர் ரிசீவர்னா என்னன்னு உக்காந்து படிச்சுத்தான் தெரிஞ்சுகிட்டேன். ஏ.ஆர்.-15 வகை ரைபிள்ல ட்ரிகர், கைப்பிடி, மேகசின், தோள்ல வைக்கிற கட்டை எல்லாம் வந்து சேர்ற அடிப்பெட்டி அது. குழாய் இருக்கிற மேல்பாகம் அது மேலதான் உக்காரும். அமெரிக்க மத்திய சட்டப்படி அந்தப் பெட்டிதான் துப்பாக்கி, நம்பர் அதுலதான் பதிஞ்சிருக்கும். நல்லதுன்னா 7075 ரக அலுமினியத்தை அடிச்சு உருவாக்கினதா இருக்கணும், துளையெல்லாம் அளவு பிசகாம இருக்கணும்ங்கிறாங்க. நம்ம பாஷையில சொன்னா அதுதான் மூலப்பத்திரம். அது சரியில்லேன்னா மேல எத்தனை மாடி கட்டினாலும் நான் லோன் தரமாட்டேன்.

நம்ம நாட்டுல கதையே வேற. 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியோட பாகமும் துப்பாக்கிதான். லைசென்ஸ் இல்லாம ஒரு பாகத்தைக் கையில வச்சிருந்தாலே வம்பு. 2019 திருத்தத்துல தண்டனையையும் கூட்டிட்டாங்க. கராஜ் கனவு அன்னிக்கே முடிஞ்சது. ஏர் ரைபிள் மட்டும் விதிவிலக்கு. 2016 விதிகள்படி 4.5 மில்லிமீட்டர் குழாய், 20 ஜூலுக்குள்ள சக்தின்னா லைசென்ஸ் வேண்டாம். 10 மீட்டர் போட்டி ரைபிள் அதுக்குள்ள அடங்கிடும்.

ஆனா பொண்ணு கேட்ட கேள்வி தப்பில்லைங்க. எதை முதல்லயே சரியாத் தேர்ந்தெடுக்கணும், எதை அப்புறம் மாத்திக்கலாம்? ரேஞ்ச்ல பக்கத்துல உக்கார்ற பல அப்பாக்கள் இதைக் கேக்குறதே இல்லை. பெரிய ஜெர்மன் பேரா பாத்து லட்சங்களைக் கொட்டிடறாங்க. ஒருத்தர் மூணே மாசத்துல வாங்கினார். பையன் இப்ப கிரிக்கெட்டுக்குப் போயிட்டான், ரைபிள் கட்டிலுக்கு அடியில.

என் கட்சி இதுதான். ஏர் ரைபிளுக்கு மூலப்பத்திரம் அந்தக் கட்டை. கன்னம் படுற இடம், தோள்ல பதியிற தட்டு, கைப்பிடி எல்லாம் ஏத்தி இறக்குற மாதிரி இருக்கணும். 10 மீட்டர் தள்ளி இருக்கிற பத்தாவது பாயின்ட் வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளி. அறுபது குண்டும் ஒரே மாதிரி நின்னு சுடணும். துப்பாக்கிக்கு உடம்பு வளைஞ்சு குடுத்தா நடக்காது, துப்பாக்கிதான் உடம்புக்கு வளைஞ்சு குடுக்கணும். வளர்ற பொண்ணுக்கு ஆறு மாசத்துக்கு ஒருதரம் அளவு மாறும். விதிப்படி 5.5 கிலோ வரைக்கும் போகலாம்னாலும், அவ தோளு எவ்வளவு தாங்கும்னுதான் பாக்கணும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க காத்து சிலிண்டர்ல அடிச்சிருக்கிற தேதியைப் பாருங்க. பத்து வருஷம்தான் கணக்கு. தேதி தாண்டினதைப் போட்டியில அனுமதிக்க மாட்டாங்க. ஆனா சிலிண்டரை மாத்திக்கலாம், சைட்டை மாத்திக்கலாம். ஒத்து வராத கட்டையோட ரெண்டு வருஷம் பழகின தப்பு நிலையை மாத்துறதுதான் கஷ்டம்.

இன்னொரு விஷயத்தை வீட்டுல சொல்லாம மறைச்சு வச்சிருந்தேன். அடுத்த வருஷம் எனக்கு டிரான்ஸ்ஃபர் வரலாம். போற ஊர்ல ரேஞ்சே இல்லேன்னா? அதனாலதான் மூணு தடவை பேச்சை மாத்தினேன். நம்மள மாதிரி ஊர் ஊராப் போற குடும்பங்கள்ல குழந்தை ஆசைப்படுறது எல்லாத்துக்கும் இதே பதில்தான், "அங்க போய்ப் பாத்துக்கலாம்." கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் குஜராத்ல வளர்ந்து, 2019ல ரியோ உலகக் கோப்பையில 10 மீட்டர் ஏர் ரைபிள்ல தங்கம் வாங்கினாங்க. அவங்க வீட்டுலயும் இப்படித் தள்ளிப் போட்டிருந்தா?

கடைசியில பொண்ணுகிட்ட உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "ரேஞ்ச் இல்லேன்னா வீட்டுல குண்டு போடாம நின்னு குறி பிடிச்சுப் பழகுறேன்ப்பா. பாதி பயிற்சி அதுதானாம்"னா. எனக்குத்தான் ஒரு மாதிரி ஆயிடுச்சு.

தீர்ப்பு இது: ஒரு வருஷம் முடியிற வரைக்கும் கிளப் ரைபிள். எந்த அளவுக்கு எதை ஏத்தி இறக்கினா அவளுக்குச் சரியா வருதுன்னு நோட்டுல எழுதி வைக்கணும். அதுக்கப்புறம் அந்த அளவுக்கு ஏத்த மாதிரி, கட்டை நல்லா இருக்கிற ஒரு பழைய ரைபிள். "ஏங்க, பெட்டிக்குப் பூட்டு போடணும், குண்டு வேற அலமாரியில இருக்கணும்"னு நீதிபதி கண்டிஷன். மறுபேச்சு இல்லாம கையெழுத்துப் போட்டுட்டேன்.

பி.கு: டெக்சாஸ் தம்பிக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை போன் பண்ணும்போது உன் கார்டனைக் காட்டுப்பா, போதும் :-)