அறிவுரை போதும், அவையில் இடம் கொடுங்கள்

வானிலை ஆய்வு மையம் சிவப்பு எச்சரிக்கை விடுத்தால் ‘நாளைக்கு லீவா?’ என்று கேட்பது பிள்ளைகளின் வழக்கம். இப்போது அதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டிருக்கிறது: ‘தண்ணி வீட்டுக்குள்ள வந்துடுமா?’ 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது இரண்டாம் வகுப்பில் இருந்தவர்கள் கல்லூரி வாசலுக்கு வந்துவிட்டார்கள். இடையில் வார்தா, கஜா, மிக்ஜாம் என்று புயல்களின் பெயர்களைச் சொல்லித்தான் தங்கள் பள்ளிப் பருவத்தை அவர்கள் நினைவுகூர வேண்டியிருக்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட அது அதிகம். அந்த மழையில் மொட்டைமாடியில் இரவைக் கழித்த பிள்ளைக்கு, காலநிலை மாற்றம் பாடப்புத்தகத்தின் கடைசி அத்தியாயம் அல்ல.

இந்தத் தலைமுறையைப் பிடித்திருக்கும் கலக்கத்தைக் காலநிலைப் பதற்றம் என்கிறார்கள் மனநல வல்லுநர்கள். பெரியவர்களாகிய நாம் இதற்கு மூன்று விதமாகப் பதில் சொல்லிவருகிறோம். ‘படிக்கிற வயசில் இதெல்லாம் எதுக்கு?’ என்று அதட்டுகிறோம். ‘எல்லாம் சரியாயிடும்’ என்று தேற்றுகிறோம். இல்லாவிட்டால் கையில் ஒரு மரக்கன்றைக் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்கிறோம். மூன்றும் பயன் தராது. இந்தப் பதற்றத்துக்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தோடு மோதுகிற வேலையில், சக வயதினரோடு சேர்ந்து, முடிவெடுக்கும் இடம்வரை செல்லும் உரிமையோடு இளைஞர்களை ஈடுபடுத்துவதே சரியான பதில் என்பது எமது நிலைப்பாடு.

‘லான்செட் பிளானட்டரி ஹெல்த்’ இதழில் 2021-ல் ஓர் ஆய்வு வெளியானது. இந்தியா உள்ளிட்ட 10 நாடுகளில் 16 முதல் 25 வயதுக்குட்பட்ட 10 ஆயிரம் பேரிடம் இணையவழியில் கருத்துக் கேட்டார்கள். காலநிலை மாற்றத்தை நினைத்து மிகவும் கவலைப்படுவதாக 59 சதவீதத்தினர் கூறினர். அந்தக் கவலை அன்றாட வாழ்க்கையைப் பாதிப்பதாகச் சொன்னவர்கள் 45 சதவீதத்துக்கும் மேல். இந்தியா, பிலிப்பைன்ஸ், நைஜீரியா போன்ற நாடுகளில் இந்தப் பாதிப்பு கூடுதலாக இருந்தது. ஆக, இது குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கும் மேலைநாட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்குக் கவலை என்று ஒதுக்க முடியாது. வெயிலும் வெள்ளமும் நேரடியாக அடிக்கிற நாடுகளில்தான் கவலையும் ஆழமாக இருக்கிறது.

அந்த ஆய்வில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்றும் உண்டு. அரசுகள் போதுமான அளவு செயல்படவில்லை, தங்களைக் கைவிட்டுவிட்டன என்ற எண்ணத்தோடு இந்தப் பதற்றம் பிணைந்திருக்கிறது. புயலைக் கண்டு மட்டும் பிள்ளைகள் பயப்படவில்லை. புயல் வரும் என்று தெரிந்தும் கால்வாயைத் தூர்வாராத நிர்வாகத்தைக் கண்டும் பயப்படுகிறார்கள். இதை மூச்சுப்பயிற்சியால் மட்டும் போக்கிவிட முடியுமா?

தனி மனித நற்செயல்களும் இதைப் போக்குவதாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் இளம் வயதினரிடம் நடத்தி 2022-ல் வெளியான ஓர் ஆய்வு, காலநிலைப் பதற்றம் மனச்சோர்வாக மாறுவதைக் கூட்டுச் செயல்பாடு மட்டுப்படுத்தக்கூடும் என்று கண்டது. தனியாகச் செய்யும் செயல்களுக்கு அந்தப் பலன் தென்படவில்லை. ஒரே ஆய்வை வைத்துக்கொண்டு எதையும் அறுதியிட்டுச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் அனுபவம் அதையே சொல்கிறது. பிளாஸ்டிக் பையைத் தவிர்த்துவிட்டு வந்து தனியே கைப்பேசியில் வெள்ளக் காட்சிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞருக்கு, நாம் செய்வது கடலில் கரைத்த பெருங்காயம் என்ற எண்ணம்தான் மிஞ்சும். பத்துப் பேராகச் சேர்ந்து, அளவு தெரிந்த ஒரு வேலையைக் கையில் எடுக்கும்போது அந்த எண்ணம் தளர்கிறது.

சென்னைக் கடற்கரையில் அதைக் கண்ணாரப் பார்க்கலாம். ‘மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு வலையமைப்பு’ 1988-லிருந்து இயங்கிவருகிறது. பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் பருவத்தில், ஜனவரி தொடங்கி, நள்ளிரவுக்குமேல் தன்னார்வ மாணவர்கள் மணலில் மைல் கணக்கில் நடக்கிறார்கள். ஆமை ஊர்ந்துபோன தடம் டிராக்டர் சக்கரத் தடம் மாதிரி தெரியும். அது முடியும் இடத்தில் ஒரு குச்சியை மெல்ல இறக்கிப் பார்ப்பார்கள். மணல் சட்டென்று இளகும் இடத்தில் முட்டைக் குழி இருக்கும். முழங்கை மறைய மணலைத் தோண்டி, நூறு முட்டைகளுக்கு மேல் ஒவ்வொன்றாக எடுத்து எண்ணி, பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் மறுபடி புதைப்பார்கள். நாய்களிடமிருந்தும், குஞ்சுகளைக் கடலுக்குப் பதில் சாலைப் பக்கம் இழுக்கும் தெருவிளக்குகளிடமிருந்தும் அவற்றைக் காப்பதுதான் நோக்கம். ஏறத்தாழ ஒன்றரை மாதம் கழித்துக் குஞ்சுகள் வெளிவரும்.

இந்த நடையில் நல்ல செய்தி மட்டும் கிடைப்பதில்லை. 2025 ஜனவரியில் சென்னையிலும் அதை ஒட்டிய கரைகளிலும் நூற்றுக்கணக்கில் செத்த ஆமைகள் ஒதுங்கின. கரையோரம் 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை போடக் கூடாது என்ற விதி இருக்கிறது. அது ஒழுங்காக அமலாகவில்லை என்பதை அந்தச் சடலங்கள் சொல்லின. ஒவ்வொரு உடலையும் எண்ணி, இடமும் தேதியும் குறித்துவைத்தவர்கள் இருந்ததால்தான் அது பேசுபொருளாகி, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரிக்கும் அளவுக்குப் போனது. கணக்கு இருந்தால்தான் கேள்வி கேட்க முடியும். கேள்வி கேட்க ஓர் இடமும் இருந்தால்தான் துயரம் வேலையாக மாறும்.

பசிபிக் தீவு மாணவர்கள் இதைத்தான் உலக அளவில் செய்துகாட்டினார்கள். 2019-ல் வனுவாட்டு நாட்டின் போர்ட் விலாவில், தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர்கள் 27 பேர், காலநிலை நீதிக்குச் சட்டத்தில் என்ன வழி என்று வகுப்பறையில் அலசினார்கள். அவர்களில் பலர் தங்கள் தீவின் கரை ஆண்டுக்கு ஆண்டு கரைவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். 2015-ல் பாம் புயல் வனுவாட்டுவைச் சின்னாபின்னமாக்கியதைக் கண்டவர்களும் இருந்தார்கள். சாலமன் தீவுகளைச் சேர்ந்த சிந்தியா ஹூனியூஹி போன்றவர்கள் முன்நின்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். சர்வதேச நீதிமன்றத்தின் கருத்தைக் கேளுங்கள் என்று பசிபிக் தீவுத் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். வனுவாட்டு அரசு அதை ஏற்றுக்கொண்டது. 2023 மார்ச் 29 அன்று, 130-க்கும் மேற்பட்ட நாடுகள் இணைந்து முன்மொழிய, ஐ.நா. பொதுச்சபை வாக்கெடுப்பே இல்லாமல் தீர்மானத்தை நிறைவேற்றியது. 2024 டிசம்பரில் தி ஹேக் நகரில் நடந்த விசாரணையில் ஹூனியூஹியும் பேசினார். 2025 ஜூலை 23 அன்று நீதிபதிகள் ஒருமனதாகக் கருத்துரைத்தார்கள்: காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, அதில் தவறுவது சர்வதேசச் சட்டமீறலாகலாம்.

இந்தக் கருத்துரை நாடுகளைக் கட்டுப்படுத்தாது. நாளையே கடல்மட்டம் இறங்கப் போவதுமில்லை. ஆனால் இந்தக் கதையில் அந்த மாணவர்களுக்கு இணையாக மெச்சத்தக்க தரப்பு ஒன்று உண்டு: மாணவர்களின் கடிதத்தைக் குப்பைத்தொட்டியில் போடாத அரசு. ஏறத்தாழ மூன்று லட்சம் மக்கள் வாழும் நாட்டின் அரசு அது. அத்தகைய செவி நம் நாட்டு இளைஞர்களுக்குக் கிடைக்கிறதா?

கிடைக்கவில்லை என்பதே வரலாறு. 2020-ல் மத்திய அரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்டது. இளைஞர்கள் கருத்து எழுதினார்கள். அமைச்சருக்கு மின்னஞ்சல்கள் குவிந்தன. கைமேல் கிடைத்த பலன், ‘ஃபிரைடேஸ் ஃபார் ஃபியூச்சர்’ என்ற இளைஞர் காலநிலை இயக்கத்தின் இந்தியப் பிரிவு இணையதளம் முடக்கப்பட்டதுதான். பயங்கரவாதத்தைத் தடுப்பதற்கான உபா சட்டத்தைக் குறிப்பிட்டு டெல்லி காவல் துறை நோட்டீஸ் அனுப்பியது. பிறகு அது தவறுதலாகக் குறிப்பிடப்பட்டது என்று சொல்லித் திரும்பப் பெற்றது. மறு ஆண்டு பெங்களூரைச் சேர்ந்த இளம் செயற்பாட்டாளர் திஷா ரவி தேசத்துரோகக் குற்றச்சாட்டில் கைதானார். பத்து நாளில் பிணை வழங்கிய நீதிமன்றம், அவருக்கு எதிரான ஆதாரங்கள் சொற்பமானவை என்றது. ‘செயலில் இறங்கு’ என்று மேடையில் சொல்வதும், இறங்கியவருக்கு நோட்டீஸ் அனுப்புவதும் ஒரே நேரத்தில் நடந்தால், இளைஞர்கள் எதை நம்புவார்கள்?

தமிழகத்தில் நிலைமை இத்தனை கடுமையாக இல்லை; ஆனால் வேறு வகையில் சலிப்பூட்டுகிறது. பள்ளிகளில் தேசியப் பசுமைப் படையும் சூழல் மன்றங்களும் இருக்கின்றன. ஜூன் 5 வந்தால் உறுதிமொழி, ஓவியப் போட்டி, மரம் நடு விழா. பல பள்ளிகளில் போன ஆண்டு தோண்டிய குழியிலேயே இந்த ஆண்டும் கன்று நடுகிறார்கள். போன ஆண்டுக் கன்று என்னவாயிற்று என்று யாரும் கேட்பதில்லை. இன்னொரு பக்கம், அபூர்வமாக ஒருவர் மேலெழுந்து வந்தால் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம். திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர், கரிக்குப் பதில் சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்து, 2021-ல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் பேசினார். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் கைதட்டியதோடு நம் கடமை முடிந்துவிட்டதா? நம் தெருமுனை இஸ்திரி வண்டியில் இன்றும் கரிதானே கனன்றுகொண்டிருக்கிறது? ‘இளைஞர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்ற புகழுரை, பெரியவர்கள் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் நாசூக்கான வழி.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் எழும். பிள்ளைகள் ஏற்படுத்தாத சிக்கலை அவர்கள் தலையில் கட்டலாமா? கூடாது. உமிழ்வைக் குறைப்பதும் வடிகாலைச் சீரமைப்பதும் சட்டத்தை அமல்படுத்துவதும் அரசுகளின் வேலை. அதை மாணவர்களிடம் தள்ளிவிட முடியாது. அவர்களுக்குத் தர வேண்டியது, அந்த வேலை நடக்கிறதா என்று பார்க்கவும் கேட்கவும் உரிமை. தூக்கம் கெட்டு, படிப்பில் மனம் ஒட்டாமல் தவிப்பவர்களுக்கு மருத்துவ உதவியும் அவசியம். ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண்ணான 14416-ஐப் பள்ளிச் சுவர்களில் எழுதிவைப்பது நல்லது. சிகிச்சையும் பங்கேற்பும் ஒன்றுக்கொன்று மாற்றாகாது.

அரசு உடனே செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் அமைக்கப்பட்டிருக்கும் காலநிலை மாற்ற இயக்கங்களில் 18 முதல் 25 வயதுக்குட்பட்டவர்களுக்கு வாக்குரிமையுடன் இடம் தர வேண்டும். கடலோர மாவட்டத்தில் மீனவ இளைஞரும், டெல்டாவில் விவசாயக் குடும்பத்துப் பெண்ணும் அதில் இருக்க வேண்டும். ஆங்கிலம் சரளமாகப் பேசும் நகரத்துப் பிள்ளைகளோடு அது நின்றுவிடக் கூடாது.

இரண்டாவது, மொழி. ஒரு திட்டத்துக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த 30 நாள் முன்னறிவிப்பு தருகிறார்கள். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கம் மட்டுமே தமிழில் கிடைக்கிறது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட முழு அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. 2020 வரைவு அறிவிக்கையை எட்டாவது அட்டவணை மொழிகளில் வெளியிடுமாறு டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்ததை மறக்க முடியாது. முழு அறிக்கை தமிழில் வந்தால், உள்ளூர்க் கல்லூரி மாணவர்களே அதைப் படித்து, தங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு விளக்கிச் சொல்வார்கள். வேதியியல் படிக்கும் மாணவிக்கு அதைவிட நல்ல செய்முறை வகுப்பு ஏது?

மூன்றாவது, கிராம சபை. தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபைகளில் ஒன்று, உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்று நடக்கிறது. மாநிலத்தில் சுமார் 40 ஆயிரம் ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. தங்கள் ஊர்க் கண்மாயின் வரத்துக்கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது, எந்த மதகு உடைந்திருக்கிறது, கலிங்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதை உள்ளூர் மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் ஆசிரியர் துணையோடு நேரில் பார்த்துப் பதிவுசெய்யலாம். அந்த அறிக்கை சபையில் வாசிக்கப்பட்டு, தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும். அடுத்த சபையில், எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் என்று ஊராட்சி பதில் சொல்ல வேண்டும். கர்நாடகத்தில் குழந்தைகளுக்கென்றே தனியாகக் கிராம சபை நடத்தும் ஏற்பாடு இருக்கிறது. நம்மால் முடியாதா?

2024-ல், காலநிலை மாற்றத்தின் கேடுகளுக்கு ஆளாகாமல் வாழ்வது அரசமைப்புச் சட்டத்தின் 14, 21-வது கூறுகள் தரும் உரிமைகளில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. உரிமை என்று ஒன்று இருந்தால், அதைக் கேட்டு வாங்கும் வாசலும் இருக்க வேண்டும். மேற்சொன்ன மூன்றுக்கும் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. இரண்டாவது மத்திய அரசின் விதிகளைச் சார்ந்தது என்றாலும், மாநில அரசே மொழிபெயர்த்து வெளியிடுவதை யாரும் தடுக்கப் போவதில்லை. மற்ற இரண்டுக்கும் ஓர் அரசாணை போதும். வரும் மார்ச் 22 கிராம சபையின் கூட்டப் பொருளில் மாணவர் நீர்நிலை அறிக்கையைச் சேர்க்கும்படி ஊரக வளர்ச்சித் துறை உத்தரவிடட்டும். பிள்ளைகளின் பயம் நியாயமானது என்று அரசு ஒப்புக்கொள்வதற்கு அதைவிடத் தெளிவான வழி இல்லை.