ஐந்து முறை எழுதினால் சொல் வந்துவிடுமா?

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி ‘பொருள் எழுதுக’ ஹோம்வொர்க் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் ஒன்று புரியும். பத்துச் சொற்களுக்குப் பொருளை ஐந்தைந்து முறை எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். அவள் முதலில் நோட்டின் இடப்பக்கத்தில் ஒரே சொல்லை மேலிருந்து கீழாக ஐந்து தடவை எழுதுகிறாள். அடுத்து, நடுவில் வரிசையாக ஐந்து கோடுகள் போடுகிறாள். கடைசியாக வலப்பக்கத்தில் பொருளை மேலிருந்து கீழாக இறக்குகிறாள். கை வேகமாக ஓடுகிறது. சொல்லும் பொருளும் ஒருமுறைகூடச் சேர்ந்து மனத்துக்குள் போவதில்லை. மறுநாள் சிவப்பு மையில் ஒரு டிக், கீழே கையெழுத்து, தேதி. கொடுத்தவருக்கும் முடித்தவளுக்கும் நிம்மதி.

ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் வாசிப்புக்கும் சொல்வளத்துக்கும் என்று கொடுக்கப்படும் வீட்டுப்பாடத்தில் பெரும்பகுதி இந்த ரகம்தான். அரசுப் பள்ளியில் ‘அருஞ்சொற்பொருள்’, மெட்ரிக் பள்ளியில் ‘மீனிங்’. பெயர் மட்டுமே வேறு. பார்த்து எழுதும் இந்த வேலையை நிறுத்த வேண்டும் என்பது நம் நிலைப்பாடு. வீட்டுப்பாடமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. எழுதித் தீர்க்கும் நேரத்தை வாசிப்புக்குத் திருப்ப வேண்டும். அந்த வாசிப்பும் பள்ளி நேரத்துக்குள்ளேயே தொடங்க வேண்டும்.

நடுநிலை வகுப்புகளைக் குறிப்பிட்டுச் சொல்லக் காரணம் இருக்கிறது. தொடக்க வகுப்புகளில் பிள்ளைகள் வாசிக்கக் கற்கிறார்கள். அதன் பிறகு கற்பதற்காக வாசிக்கிறார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜீன் சால் 1983இல் வாசிப்பின் படிநிலைகளை விளக்கியபோது வலியுறுத்திய வேறுபாடு இது. ஆறாம் வகுப்பில் புத்தகத்தின் குணமே மாறிவிடுகிறது. அறிவியலில் ஒளிச்சேர்க்கையும் சமூக அறிவியலில் வளிமண்டலமும் நீண்ட பத்திகளாக வருகின்றன. பத்திக்கு அருகில் ஆசிரியரின் குரல் இல்லை. பிள்ளை தானாக வாசித்துப் புரிந்துகொண்டாக வேண்டும். இந்த இடத்தில் பின்தங்கும் பிள்ளை மொழிப்பாடத்தில் மட்டுமல்ல, எல்லாப் பாடங்களிலும் பின்தங்குகிறது.

பின்தங்கியவர்கள் சிலர் அல்லர். கிராமப்புறப் பிள்ளைகளிடையே எடுக்கப்படும் ‘அசர்’ ஆய்வின்படி, இரண்டாம் வகுப்பு நிலையிலுள்ள எளிய பகுதியை வாசிக்க முடிந்த எட்டாம் வகுப்பு மாணவர்கள் இந்திய அளவில் 2018இல் 73 சதவீதம்; பெருந்தொற்றுக்குப் பிறகு, 2022இல், 69.6 சதவீதம். எட்டாம் வகுப்பு முடிக்கப்போகும் பத்துப் பேரில் மூவரால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுதிய கதையை வாசிக்க முடியவில்லை என்று பொருள். தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காக 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. 2020-21இல் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளில் இருக்க வேண்டியவர்களே 2025-26இல் ஆறு, ஏழு, எட்டில் இருப்பவர்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகும் வயதில் இவர்களுக்கு வகுப்பறையே இல்லை. 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கியபோது, இவர்களில் மூத்தவர்கள் ஐந்தாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பின்தங்கிய மாணவர்களுக்காக 2025-26இல் ‘திறன்’ திட்டத்தை அரசு கொண்டுவந்ததே, இடைவெளி இருக்கிறது என்பதை அரசும் ஒப்புக்கொண்டதற்கு அடையாளம். இப்படிப்பட்ட பிள்ளையிடம் அருஞ்சொற்களை ஐந்து முறை எழுதச் சொன்னால், வாசிக்க முடியாத ஒன்றை அழகாக வரைந்து வரும். நோட்டு நிறையும், குறை வெளியே தெரியாது.

எழுதச் சொல்லும் சொற்களையாவது சரியாகத் தேர்ந்தெடுக்கிறோமா? செய்யுளில் வரும் அருஞ்சொற்களுக்குப் பாடநூலிலேயே ‘சொல்லும் பொருளும்’ என்ற பகுதி உண்டு. அது வேண்டியதுதான். ஆனால், பிள்ளைகளை அன்றாடம் தடுக்கி விழவைப்பவை வேறு சொற்கள். ‘இரு எண்களின் மீ.பெ.கா., மீ.சி.ம. முறையே 6, 72. ஓர் எண் 18 எனில் மற்றோர் எண் என்ன?’ என்ற கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பெருக்கவும் வகுக்கவும் நன்றாகத் தெரிந்த பிள்ளையும், ‘முறையே’ எதை எதனோடு சேர்க்கிறது, ‘எனில்’ எங்கே நிபந்தனை போடுகிறது என்று பிடிபடாமல் அங்கேயே நின்றுவிடும். ‘பின்வருவனவற்றுள் பொருந்தாதது’, ‘வேறுபடுத்துக’, ‘காரணம் கூறுக’, ‘இதன் விளைவு யாது’ ஆகியவையும் எல்லா வினாத்தாள்களிலும் வருகின்றன. எந்த ஆசிரியரின் சொற்பட்டியலிலும் வருவதில்லை. தமிழாசிரியர் இவை கணக்குப் பாடத்தைச் சேர்ந்தவை என்கிறார். கணக்காசிரியர் மொழி தம் வேலையில்லை என்கிறார். நடுவில் பிள்ளைக்கு மதிப்பெண் போகிறது.

ஆங்கிலவழிப் பிள்ளைகளுக்குச் சுமை இரட்டிப்பு. தண்ணீர் ஆவியாவது அந்தப் பிள்ளைக்கு அடுப்படியிலேயே தெரியும். புத்தகத்தில் அதுவே ‘எவாப்பரேஷன்’ என்று வரும்போது தெரியாத ஒன்றாகிவிடுகிறது. தமிழில் தெரிந்ததை ஆங்கிலச் சொல்லோடு வகுப்பில் ஒரு நிமிடம் பேசி இணைத்துவிட்டால் வேலை முடிந்தது. அதைச் செய்யாமல், புத்தகத்தின் பின்பக்கத்திலுள்ள ஆங்கில விளக்கத்தை ஐந்து முறை எழுதச் சொல்கிறோம். தெரியாத ஒரு சொல்லுக்குப் பதில் தெரியாத ஒன்பது சொற்களைப் பிள்ளை மனப்பாடம் செய்கிறது.

தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவரை நாலு இடத்தில் பார்த்த பிறகுதான் நமக்கு முகம் பதிகிறது. சொல்லும் அப்படித்தான். கதையில் ஒருமுறை, செய்தித்தாளில் ஒருமுறை, அறிவியல் பாடத்தில் ஒருமுறை என்று சற்று இடைவெளி விட்டு எதிர்ப்பட வேண்டும். பிறகு அது பிள்ளையின் வாயில் வர வேண்டும். ஒரே மூச்சில் படித்ததைவிட இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படித்தது மனத்தில் தங்கும் என்பதை ஜெர்மன் அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இலேயே எழுதிவைத்தார். ஒரு மாலையில் ஐந்து முறை எழுதும் வழக்கம் அதற்கு நேர் எதிரானது.

அடுத்தது நேரம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2020ஆம் ஆண்டுப் புத்தகப்பைக் கொள்கை ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வீட்டுப்பாடம் கூடாது என்கிறது. நடப்பது என்ன? ஐந்து பாடங்களுக்கும் ஐந்து ஆசிரியர்கள். ஒவ்வொருவரும் ‘இருபது நிமிட வேலைதானே’ என்றுதான் கொடுக்கிறார்கள். கூட்டினால் 1 மணி 40 நிமிடம். தட்டுத் தடுமாறி வாசிக்கும் பிள்ளைக்கு அது மூன்று மணி நேரம் ஆகும். அதாவது, யாருக்கு வாசிப்புப் பழக்கம் அதிகம் தேவையோ, அவர்களுக்கே வாசிக்க நேரம் மிஞ்சுவதில்லை.

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஹோம்வொர்க் வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. போன் அப்பாவோடு வேலைக்குப் போயிருக்கிறது. அவர் வரும்போது மணி ஒன்பது. வசதியுள்ள வீட்டில் அம்மாவோ டியூஷன் அக்காவோ சொல்லித் தருகிறார்கள். இல்லாவிட்டால் கைடு இருக்கிறது, இப்போது கேட்டதும் பதில் எழுதித் தரும் செயலிகளும் வந்துவிட்டன. எதுவும் இல்லாத பிள்ளை பக்கத்து பெஞ்சுத் தோழியின் நோட்டைப் பிரேயருக்கு முன் வாங்கிக் காப்பி அடிக்கிறது. இம்மூன்று நோட்டுகளுக்கும் ஒரே டிக்தான் விழுகிறது. இந்த வீட்டுப்பாடம் பிள்ளையின் மொழியை அளக்கவில்லை, வீட்டின் வசதியை அளக்கிறது.

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு. அவற்றில் நியாயமும் உண்டு. ‘சிலபஸ் முடிக்க வேண்டும், எமிஸ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், இரண்டு வகுப்புகளைச் சேர்த்து உட்காரவைத்துப் பாடம் எடுக்கிறோம், வாசிக்க வைக்க நேரமேது?’ என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். ஆசிரியரைப் பதிவேட்டு எழுத்தராக்கியது பிள்ளைகளின் குற்றமல்ல, ஆசிரியர்களின் குற்றமுமல்ல. அந்தச் சுமையைக் குறைப்பது அரசின் கடமை. ஆனால் நாற்பது நோட்டுகளில் பார்த்து எழுதியதைத் திருத்துவதற்கும் நேரம்தான் செலவாகிறது. ‘ஹோம்வொர்க் கொடுக்காத பள்ளி என்ன பள்ளி?’ என்று பெற்றோர் கேட்கிறார்கள். நிரம்பிய நோட்டு கண்ணுக்குத் தெரிகிறது, வாசித்த பக்கம் தெரிவதில்லை; அவர்களைக் குறை சொல்ல முடியாது. பெற்றோர் கூட்டத்தில் பிள்ளையை எழுப்பி ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னால் எது முன்னேற்றம் என்று அவர்களுக்கே விளங்கிவிடும். மனப்பாடத்தை நாம் எதிர்க்கிறோமா என்றும் கேட்கலாம். இல்லை. செய்யுளை வாய்விட்டுச் சொல்லி நெஞ்சில் நிறுத்துவது காதையும் நாவையும் பழக்குகிறது. அது நம் பழைய பயிற்சி, தொடரட்டும். காதும் நாவும் சேராமல் கை மட்டும் செய்யும் வேலையைத்தான் வேண்டாம் என்கிறோம்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. முதலாவது, நாள்தோறும் 20 நிமிடம் வகுப்பு நேரத்தில் வாசிப்பு. கல்வி உரிமைச் சட்டம் இவ்வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 வேலைநாள், 1,000 பாட மணி நேரம் என்று வகுத்திருக்கிறது. நாளுக்கு 20 நிமிடம் என்றால் ஆண்டுக்குச் சுமார் 73 மணி நேரம். மொத்தத்தில் நூற்றுக்கு ஏழுக்கும் சற்று அதிகம். எல்லாப் பாடங்களுக்கும் அடித்தளமான ஒன்றுக்கு இது பெரிய விலை அல்ல. பின்தங்கிய பிள்ளைக்கு அந்த நேரத்தில் அதன் நிலைக்கேற்ற புத்தகம் தர வேண்டும். அரசின் ‘வாசிப்பு இயக்கம்’ நுழை, நட, ஓடு, பற என்று நிலைவாரியாகச் சிறு நூல்களை ஏற்கெனவே வெளியிட்டிருக்கிறது. நடுநிலை மாணவர்களுக்காக ‘தேன்சிட்டு’ இதழ் வருகிறது. ‘திறன்’ திட்டமும் இன்னொரு பயிற்சிப் புத்தகத்தை நிரப்புவதாக முடியாமல், இந்த வாசிப்போடு இணைய வேண்டும்.

இரண்டாவது, புத்தகம் பீரோவை விட்டு வெளியே வந்து வீட்டுக்குப் போக வேண்டும். எல்லாப் பள்ளிகளிலும் நூலகம் இருக்க வேண்டும் என்று சொல்வதும் அதே கல்வி உரிமைச் சட்டம்தான். இருக்கும் புத்தகங்கள் பூட்டிக் கிடக்கக் காரணம் சோம்பல் அல்ல, பயம். ஒரு புத்தகம் தொலைந்தால் இருப்புப் பதிவேட்டில் பதில் சொல்ல வேண்டியவர் தலைமையாசிரியர். ஆண்டுக்குப் பத்தில் ஒரு புத்தகம் கிழிந்தாலும் தொலைந்தாலும் கேள்வி கேட்பதில்லை என்று ஓர் ஆணை போட்டால் அந்தப் பயம் போய்விடும். 1948இலேயே பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது. சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்திவருகிறோம். கிளை நூலகத்தை அருகிலுள்ள நடுநிலைப் பள்ளியோடு இணைக்கத் தடையென்ன?

மூன்றாவது, சொற்களைக் குறைத்து வேலையை ஆழமாக்க வேண்டும். வாரத்துக்கு ஐந்து சொற்கள் போதும். அவற்றை ஐந்து பாட ஆசிரியர்களும் சேர்ந்து தேர்ந்தெடுக்கட்டும். ‘முறையே’யும் அதில் இருக்கட்டும். பொருளை ஆசிரியரே சொல்லிவிடலாம். பிள்ளையின் வேலை, அந்தச் சொல்லை வைத்துத் தன் வீட்டைப் பற்றியோ தெருவைப் பற்றியோ ஒரு வாக்கியம் பேசுவதும் எழுதுவதும். வகுப்புக்கு ஓர் அகராதி இருக்க வேண்டும். 1992இல் முதற்பதிப்பு கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, பொருளோடு வாக்கியத்தையும் எடுத்துக்காட்டாகத் தருகிறது. சொல்லைப் புழக்கத்தில் காட்டும் அந்த முறையே வகுப்பறைக்கும் ஏற்றது. ஆண்டுக்கு நாற்பது வாரம் என்று வைத்தாலும் 200 சொற்கள், மூன்று ஆண்டில் 600. எழுதி மறந்த இரண்டாயிரத்தைவிடப் புழங்கத் தெரிந்த அறுநூறு மேல்.

நான்காவது, ஒரு மணி நேர வரம்பு காகிதத்தில் நிற்கக் கூடாது. கரும்பலகையின் ஓரத்தில் அன்றைய வீட்டுப்பாடம் முழுவதையும் நிமிடக் கணக்கோடு எழுத வேண்டும். கடைசி ஆசிரியர் வரும்போது அறுபது நிமிடம் தீர்ந்திருந்தால் அவர் கொடுப்பதற்கு எதுவுமில்லை. அந்த அறுபதில் இருபது வாசிப்புக்கு என்று முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் தேர்வு மாறாவிட்டால் பழையது திரும்பிவிடும். பாடநூலில் தந்த பொருளை அப்படியே எழுதினால் மதிப்பெண் என்று இருக்கும்வரை, எந்த ஆசிரியரும் பார்த்து எழுத வைப்பதை விடமாட்டார். அதில் தவறும் இல்லை. பாடநூலில் இல்லாத புதிய பத்தி ஒன்றைக் கொடுத்து, அதில் ஒரு சொல் அந்த இடத்தில் என்ன பொருளில் வந்திருக்கிறது என்று கேட்கட்டும். அதே சொல்லை வேறு வாக்கியத்தில் அமைக்கச் சொல்லட்டும். மொழித்தாளில் நான்கில் ஒரு பங்கு மதிப்பெண்ணை இதற்கு ஒதுக்கினால், அடுத்த வாரமே வீட்டுப்பாடம் தானாக மாறத் தொடங்கும். இதற்குப் புதிய நிதியோ புதிய பாடநூலோ தேவையில்லை. பள்ளிக் கல்வித் துறை வரும் காலாண்டுத் தேர்வின் வினாத்தாளிலேயே இதைத் தொடங்க வேண்டும்.