அணையும் அரசியலமைப்பும்

சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை என்னும் மூன்றையும் நம் பிள்ளைகள் பாடநூலில் மனனம் செய்கின்றனர். இவற்றிடையே உள்ள எல்லை யாது என வினவினால் பெரியோரும் தயங்குவர். கம்பம் பள்ளத்தாக்கினர் தயங்க வேண்டுவதில்லை. நம் வயல்நீரைப் பற்றிய வழக்கே அதற்கு விடை கூறிற்று.

முல்லைப்பெரியாறு அணையில் 136 அடியாக இருந்த நீர்மட்டத்தை 142 அடிக்கு உயர்த்தலாம் என உச்ச நீதிமன்றம் 27-2-2006 அன்று தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே கேரளச் சட்டமன்றம் சட்டத்திருத்தம் ஒன்றை நிறைவேற்றி, 136 அடிக்கு மேல் கூடாது என்றது.

இது முறையா? ஒரு தீர்ப்புக்கு அடிப்படையான சட்டத்தைத் திருத்தச் சட்டமன்றத்திற்கு உரிமை உண்டு. பலர் இதனை அறியார். ஆனால், அணை உறுதியாக உள்ளதா என்பது உண்மை நிலை பற்றிய வினா. இரு தரப்பையும் கேட்டு நீதிமன்றம் கண்ட முடிவை, வழக்காடிய ஒரு தரப்பின் சட்டமன்றம் வாக்கெடுத்து மாற்றுமாயின், வழக்காளியே நீதிபதியாகிவிடுவார் அன்றோ! அணைக்குக் கீழே வாழும் கேரள மக்களின் அச்சத்தை எள்ளுதல் தகாது. அதனை எடுத்துரைக்க வேண்டிய இடம் நீதிமன்றமே.

ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு 7-5-2014 அன்று அச்சட்டத்தைச் செல்லாதென அறிவித்து, மூவர் மேற்பார்வைக் குழுவையும் அமைக்கப் பணித்தது. தீர்ப்பைச் செயற்படுத்துதல் நிர்வாகத்தின் கடன். அவ்வாண்டு நவம்பரில் நீர்மட்டம் 142 அடியை எட்டியது.