தாயின் தோளில் மட்டும் ஏன்?

ஆண்டுதோறும் ஏப்ரல் 2-ம் தேதி உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. ஐ.நா. பொதுச் சபை 2007 டிசம்பரில் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி 2008 முதல் இது நடைமுறையில் உள்ளது. அன்று பல நகரங்களில் கட்டடங்கள் நீல விளக்கொளியில் மின்னுகின்றன. கருத்தரங்குகள் நடக்கின்றன, வாழ்த்துச் செய்திகள் வெளியாகின்றன. மறுநாள் காலையில், பேசாத குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேருந்து மாறிப் பயிற்சி மையத்துக்குச் செல்லும் தாயின் வாழ்க்கையில் மட்டும் எந்த மாற்றமும் ஏற்பட்டிருப்பதில்லை.

ஆட்டிசம் என்பது தொற்றுநோய் அன்று, மனநோயும் அன்று. பிறவியிலேயே மூளை வளர்ச்சியில் அமைந்துவிடும் ஒரு வேறுபாடு அது. பெயர் சொல்லி அழைத்தால் குழந்தை திரும்பிப் பார்க்காது. கண்ணோடு கண் நோக்காது. பேச்சு வரத் தாமதமாகும், அல்லது வந்த பேச்சு நின்றுபோகும். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும். குக்கர் விசில் போன்ற சாதாரண ஒலிகூடச் சில குழந்தைகளைத் துடிக்க வைத்துவிடும். எல்லாக் குழந்தைகளிடமும் இவை ஒரே அளவில் இருப்பதில்லை. தன் தேவைகளுக்கெல்லாம் பிறரைச் சார்ந்திருப்பவர்களும் உண்டு. பட்டம் பெற்றுப் பணிபுரிபவர்களும் உண்டு.

தமிழக அரசின் ஆவணங்களில் இவர்களைக் குறிக்க, "புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கமுடையோர்" என்னும் தொடர் பயன்படுத்தப்பட்டு வந்துள்ளது. இந்தத் தொடர் கூறுவதைப்போல இவர்கள் புற உலகைப் பற்றிய சிந்தனை அற்றவர்கள் அல்லர். புற உலகின் ஒலியும் ஒளியும் நெரிசலும் இவர்களுள் பலரை மற்றவர்களைவிட அதிகமாகவே தாக்குகின்றன. அந்தத் தாக்குதலிலிருந்து தற்காத்துக்கொள்ளும் முயற்சியைத்தான் நாம் அலட்சியம் என்று தவறாக எடுத்துக்கொள்கிறோம்.

குழந்தையைத் தவறாகப் புரிந்துகொண்டது ஒருபுறமிருக்க, தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதுதான் இத்துறை வரலாற்றின் மிகப் பெரிய பிழை. அமெரிக்காவில் லியோ கேனர் என்னும் மருத்துவர் 1943-ம் ஆண்டு 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையின் மூலம்தான் ஆட்டிசம் தனியொரு நிலையாக மருத்துவ உலகுக்கு அறிமுகமானது. அதைத் தொடர்ந்து, பாசமற்ற தாயின் வளர்ப்பே இதற்குக் காரணம் என்ற கருத்து பரவியது. 1967-ல் நூல் எழுதி இக்கருத்தைப் பிரபலப்படுத்தியவர் புரூனோ பெட்டல்ஹைம். "குளிர்பதனப் பெட்டித் தாய்" என்ற கொடூரமான பட்டப்பெயர்கூட அன்று வழக்கில் இருந்தது.

இக்கருத்தை எதிர்த்து நின்றவரும் ஒரு தந்தையே. ஆட்டிசம் உள்ள மகனைப் பெற்ற உளவியலாளரான பெர்னார்டு ரிம்லாண்ட், இதன் வேர் உடற்கூற்றில் இருக்கிறதே தவிர வளர்ப்பில் இல்லை என்று 1964-லேயே நூல் எழுதி வாதிட்டார். பின்னர் வந்த மரபியல் ஆய்வுகள் வளர்ப்பு காரணமல்ல என்பதை ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டின. தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்று 1998-ல் கிளம்பிய பீதியும் இதே போல் பொய்த்துப்போனது. அந்தக் கட்டுரையை வெளியிட்ட 'லான்செட்' மருத்துவ இதழே 2010-ல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அறிவியல் தாயை விடுவித்துவிட்டது. சமுதாயம் இன்னும் விடுவிக்கவில்லை. கர்ப்ப காலத்தில் அவள் என்ன சாப்பிட்டாள், வேலைக்குச் சென்றாளா, குழந்தையைத் தொலைக்காட்சி முன் உட்கார வைத்தாளா என்ற விசாரணைகள் இன்றும் இந்திய வீடுகளில் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. "அவன் அப்பாவுக்கும் தாமதமாகத்தான் பேச்சு வந்தது" என்ற ஆறுதல் மொழியில் குழந்தையின் பொன்னான ஆண்டுகள் கரைந்துபோகின்றன. அந்தத் தாமதத்துக்கான பழியும் இறுதியில் தாயின் மீதே விழுகிறது.

அரசு என்ன செய்தது என்று பார்ப்போம். 1995-ம் ஆண்டு இயற்றப்பட்ட ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. அதில் ஆட்டிசம் இல்லை. பட்டியலில் இல்லையென்றால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லையென்றால் எந்த உதவியும் இல்லை. ஆட்டிசம் உள்ள மகனின் தாயான மெரி பரூவா தில்லியில் 1991-ல் தொடங்கிய 'ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம்' உள்ளிட்ட பெற்றோர் அமைப்புகள் ஓயாமல் குரல் கொடுத்தன. 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தபோதுதான் ஆட்டிசம் என்ற சொல் இந்தியச் சட்டப் புத்தகத்தில் இடம்பெற்றது. முழு அங்கீகாரம் கிடைக்க மேலும் 17 ஆண்டுகள் ஆயின. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலை 21 ஆக விரிவுபடுத்தி ஆட்டிசத்தையும் சேர்த்தது. அச்சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் வந்துவிட்டது. ஆனால் யாருக்காக வந்ததோ அவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு அரசிடம் இல்லை. 2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நாட்டில் 2 கோடியே 68 லட்சம் மாற்றுத்திறனாளிகள் இருப்பதாகக் கூறியது. அதில் ஆட்டிசத்துக்கெனத் தனிக் கட்டம் இல்லை. 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பும் தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடைபெறும் என்று 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது.

ஆய்வாளர்கள் தரும் கணக்கு கவலையளிக்கிறது. பல்வல், காங்ரா, தேன்கனால், வடக்கு கோவா, ஹைதராபாத் ஆகிய ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையிலான ஏறத்தாழ 4 ஆயிரம் குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2018-ல் வெளியாயின. பார்வை, செவித்திறன், வலிப்பு, பேச்சு, கற்றல், ஆட்டிசம் உள்ளிட்ட நரம்பியல் வளர்ச்சிக் குறைபாடுகளில் ஏதேனும் ஒன்று, ஏறத்தாழ எட்டுக் குழந்தைகளில் ஒரு குழந்தைக்கு இருப்பதாக அந்த ஆய்வு தெரிவித்தது. ஆட்டிசம் மட்டும் நூற்றுக்கு ஒன்று என்ற அளவை ஒட்டியிருந்தது. இது எங்கோ, எவருக்கோ வரும் அபூர்வமான நிலை அன்று. ஒவ்வொரு தெருவிலும், ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கும் குழந்தைகளின் பிரச்னை.

இத்தகைய சூழலில் நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, 2016-ல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் வெளியானது. மருத்துவரோ சிறப்பு நிபுணரோ அல்லாத, பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள் அக்குழந்தைகளின் பெற்றோருக்கு 12 அமர்வுகளில் வழிகாட்டினார்கள். தாயோ தந்தையோ குழந்தையுடன் விளையாடுவதை வீடியோவில் பதிவு செய்து, அதைச் சேர்ந்து பார்த்து, குழந்தை தரும் சிறு சைகைகளை எப்படிக் கவனிப்பது, எப்படிப் பதிலளிப்பது என்று கற்றுக்கொடுத்தார்கள்.

பயன் தெரிந்தது. பெற்றோர் குழந்தையின் போக்கறிந்து பதிலளிப்பது கூடியது. குழந்தைகள் தாமாகவே தொடர்புகொள்ள முயல்வதும் கூடியது. எல்லா அளவுகோல்களிலும் முன்னேற்றம் காணப்படவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. இருப்பினும், நிபுணர்கள் பெருநகரங்களிலேயே குவிந்திருக்கும் இந்தியா போன்ற நாட்டுக்கு இது பெரும் பாடம். கிராமத்துப் பணியாளரைக் கொண்டே, வீட்டு வாசலிலேயே உதவியைத் தொடங்க முடியும் என்பதே அப்பாடம்.

ஆனால் இந்தப் பாடத்தைத் தவறாகப் படித்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. "தாய்தான் சிறந்த பயிற்சியாளர்" என்று புகழ்ந்துவிட்டு, அரசு தன் கடமையை அவள் தலையில் ஏற்றிவிடக் கூடாது. கோவாவில் அந்தத் தாய்மார்கள் தனித்து விடப்படவில்லை. முறையாகப் பயிற்சி பெற்ற ஒருவர் துணை நின்றார்; அவருக்கு மேலே மேற்பார்வை செய்ய நிபுணர்கள் இருந்தார்கள். அந்த ஏணியை எடுத்துவிட்டுத் தாயை மட்டும் மேலே ஏறச் சொல்வது நியாயமாகாது.

ஏணி அமைப்பதற்கான மரம் நம்மிடம் இல்லாமல் இல்லை. நாட்டில் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடி மையங்கள் உள்ளன. வளர்ச்சிக் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கண்டறிவதற்காக 2013-ல் தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் கொண்டுவரப்பட்டது. அதன்கீழ் மாவட்டங்களில் தொடக்கநிலைப் பயிற்சி மையங்கள் அமைக்கப்பட்டு வருகின்றன. மாற்றுத்திறன் குழந்தைகளை அங்கன்வாடிகள் எவ்வாறு கண்டறிந்து அரவணைக்க வேண்டும் என்ற நெறிமுறையை மத்திய அரசு 2023 நவம்பரில் தில்லியில் வெளியிட்டது.

நெறிமுறை மட்டும் போதாது. ஏற்கெனவே சத்துணவு, எடை பார்த்தல், பதிவேடு, செல்போன் செயலி, தேர்தல் பணி என்று சுமை ஏறிய அங்கன்வாடிப் பணியாளர், குறைந்த மதிப்பூதியத்தில் இந்தப் பணியையும் செய்ய வேண்டும் என்பது, ஒரு பெண்ணின் சுமையை இன்னொரு பெண்ணின் தோளுக்கு மாற்றுவதாகவே முடியும். அவர் கண்டறிந்து அனுப்பும் குழந்தைக்கு மாவட்ட மையத்தில் பேச்சுப் பயிற்சியாளரும் உளவியலாளரும் இருந்தாக வேண்டும். பயிற்சியாளர் இல்லாத மையம் வெறும் பெயர்ப் பலகை.

சட்டத்திலேயே ஓர் இடைவெளி இருப்பதையும் குறிப்பிட்டாக வேண்டும். 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமையை 2016-ம் ஆண்டுச் சட்டம் வழங்குகிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு உதவி மிகவும் தேவைப்படுவதோ அதற்கு முந்தைய ஆண்டுகளில். அந்த வயதில் அக்குழந்தைக்குச் சலுகைகள் உண்டு, திட்டங்கள் உண்டு. நீதிமன்றத்தில் நின்று கேட்கத்தக்க தெளிவான உரிமை இல்லை. வசதி படைத்தவர்கள் தனியார் மையங்களில் மணிக்கணக்கில் பணம் கட்டிப் பயிற்சி பெறுகிறார்கள். கூலித் தொழிலாளியின் குழந்தை ஆறு வயதுக்காகக் காத்திருக்கிறது.

ஆறு வயதில் பள்ளிக்குச் சென்றால் அங்கே சிறப்பு ஆசிரியர் இல்லை. பள்ளிகளில் சிறப்பு ஆசிரியர்களைப் போதிய விகிதத்தில் நியமிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின்படி மாநிலங்கள் நியமனம் செய்யாததைச் சுட்டிக்காட்டி, பணியிடங்களை மூன்று வாரங்களுக்குள் அறிவிக்குமாறு 2025 மார்ச்சில் மீண்டும் உத்தரவிட வேண்டியதாயிற்று. ஒரே உத்தரவை நாட்டின் உச்ச நீதிமன்றம் இரண்டு முறை பிறப்பிக்க நேர்ந்தது என்பதே, இக்குழந்தைகளுக்கு மாநில அரசுகள் தரும் முக்கியத்துவத்துக்குச் சான்று. சிறப்பு ஆசிரியர் இல்லாத பள்ளி, "உங்கள் குழந்தை மற்றவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறது" என்று தாயை அழைத்துச் சொல்கிறது. தாய் வேலையை விடுகிறாள்.

இந்த வேலையிழப்பை உச்ச நீதிமன்றம் உணர்ந்திருக்கிறது. மத்திய அரசின் பெண் ஊழியர்களுக்குப் பணிக்காலத்தில் 730 நாள்கள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. மாற்றுத்திறன் குழந்தையாயின் அதற்கான வயது வரம்பு 2018-ல் நீக்கப்பட்டது. இத்தகைய விடுப்பு தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து ஹிமாசலப் பிரதேச அரசுக் கல்லூரிப் பேராசிரியை ஒருவர் தொடுத்த வழக்கில், பெண்கள் பணியில் நீடிப்பது சலுகை அன்று, அரசியல் சாசனம் தரும் உரிமை என்று 2024 ஏப்ரலில் நீதிமன்றம் கூறியது. வரவேற்கத்தக்க வார்த்தைகள். ஆனால் இந்தியப் பெண் தொழிலாளர்களில் மிகப் பெரும்பான்மையோர் வயலிலும் கட்டட வேலையிலும் வீட்டு வேலையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு விடுப்பு விதியும் இல்லை, வழக்குத் தொடுக்க வழியும் இல்லை.

இவை எல்லாவற்றையும் கடந்து நிற்கும் கேள்வி ஒன்று உண்டு. ஆட்டிசம் உள்ள குழந்தையின் பெற்றோர் எங்கே கூடினாலும் இறுதியில் அங்குதான் வந்து நிற்கிறார்கள்: "எங்களுக்குப் பிறகு யார்?" குழந்தை வளர்ந்து நாற்பது வயதாகும்போது தாய்க்கு எழுபது வயதாகியிருக்கும். 18 வயதுக்குப் பிறகும் சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்க தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி செய்கிறது. ஆயுள் முழுவதும் தங்கும் இல்லங்களுக்கு 'கரௌந்தா' என்ற திட்டமும், ஒரு லட்சம் ரூபாய் வரையிலான 'நிராமயா' மருத்துவக் காப்பீடும் அந்த அறக்கட்டளையின்கீழ் உள்ளன. கூட்டுக் குடும்பம் சிதைந்துவரும் நாட்டில், மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது வேண்டும் என்பது பேராசையன்று.

செய்ய வேண்டியவை என்னவென்பதில் குழப்பம் ஏதும் இல்லை. வரவிருக்கும் கணக்கெடுப்பு ஆட்டிசத்தைத் தனியே எண்ண வேண்டும். ஆறு வயதுக்கு முன்பே பயிற்சி பெறுவது சட்டப்படியான உரிமையாக வேண்டும். மாவட்ட மையங்களிலும் பள்ளிகளிலும் உள்ள காலியிடங்கள் ஒப்பந்த அடிப்படையில் அல்லாமல் நிரந்தரமாக நிரப்பப்பட வேண்டும். அதிக உதவி தேவைப்படுவோரைப் பராமரிப்பவருக்கான படியைப் பற்றி 2016-ம் ஆண்டுச் சட்டமே பேசுகிறது. அது எல்லா மாநிலங்களிலும் ஏட்டிலிருந்து கைக்கு வர வேண்டும். மாதத்தில் ஓரிரு நாள்களாவது தாய் ஓய்வெடுக்க, குழந்தையை நம்பி விட்டுச்செல்லக்கூடிய பகல்நேர இல்லங்கள் வேண்டும். வீட்டுக்குள் தந்தையும் சுமையில் பாதியை ஏற்க வேண்டும். அதற்குச் சட்டம் தேவையில்லை.

ஒரு காலத்தில் "நீதான் காரணம்" என்று தாயைப் பழித்தார்கள். இன்று "உன்னால்தான் முடியும்" என்று புகழ்கிறார்கள். இரண்டிலும் அவள் தனியாகத்தான் நிற்கிறாள். அவள் கேட்பது பழியும் அன்று, புகழும் அன்று, துணை. அதைத் தராத அரசும் சமுதாயமும் ஏப்ரல் 2-ம் தேதி நீல விளக்கேற்றி என்ன பயன்?